கரியரில் இருந்த இடம்

மரியநாயகம் தம்பி போன செய்தி வந்தபோது நான் முற்றத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி. என் வயதில் தொலைபேசி அடித்தால் இரண்டு காரணம்தான் இருக்கும். ஒன்று, கனடாவிலிருந்து மகன் சாப்பிட்டாச்சோ என்று கேட்பான். மற்றது இது. மகன் அந்த நேரத்தில் கோல் எடுக்கமாட்டான், அங்கே நடுச்சாமம். ஆகவே கையில் எடுக்கும்போதே யாரோ போய்விட்டார்கள் என்று தெரியும். யார் என்பதுதான் தெரியாது.

அவருடைய மகள் றெஜினா கதைத்தாள். அழவில்லை. "மாமி, அப்பா மோசம் போயிட்டார். மேசையிலை குனிஞ்சு வேலை செய்துகொண்டிருந்தவர். தேத்தண்ணி கொண்டுபோய் வைச்சன், நிமிரேல்லை."

கையில் என்ன வேலை இருந்தது என்று கேட்டேன். செத்த வீட்டுக்காரரிடம் கேட்கிற கேள்வி இல்லை. ஆனாலும் வாயில் அதுதான் வந்தது.

"உங்கடை பெட்டிதான், மாமி," என்றாள்.

முருங்கையிலையைச் சுளகோடு வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். அழுகை வரவில்லை. களைப்புத்தான் வந்தது. இத்தனை செத்த வீட்டுக்குப் பிறகு எனக்கு முதலில் வருவது அதுதான்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு சிறிய நினைவு மலர் அடிக்கிறோம், நீங்களும் எழுதித் தாருங்கள் என்று பிறகு றெஜினா கேட்டாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும். எழுத்துப் பிழை இருந்தால் அவள் திருத்தட்டும், கதையைத் திருத்த வேண்டாம். மற்றவர்கள் அவருடைய நல்ல குணங்களை எழுதுவார்கள். எனக்கு அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. அவரைப் பற்றி நான் ஒரு பொய் சொல்லித் திரிந்தேன். உடுவிலிலும் குருநகரிலும் கனடாவிலும் அதைக் கேட்டவர்கள் இருக்கிறீர்கள். இதையும் வாசியுங்கள்.

மரியநாயகத்தைக் குருநகரில் ஃபைபர் படகு ஒட்டுகிறவர் என்றுதான் பலருக்குத் தெரியும். அடிபட்ட படகை எடுத்துப் பிளவை உரசி, துணி விரித்து, றெசின் பசை பூசி, பழையபடி கடலில் விடுவார். ஒட்டி முடிந்ததும் கோப்பையின் அடியில் மிஞ்சுகிற றெசினை வீசாமல் அதில் சின்னக் கார்கள் செய்யத் தொடங்கினார் என்று அவரே சொல்லியிருக்கிறார். உண்மைக் காரின் அளவை இருபத்துநாலாகப் பிரித்து ஒரு பங்கு. ஒரு சாண் நீளம் கூட வராது. ஆனால் கதவு திறக்கும், சில்லு திரும்பும், பின் பெட்டி மூடியில் கயிறு கட்டியிருந்தால் அந்தக் கயிறும் இருக்கும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் தங்கள் தகப்பன்மார் ஓட்டிய கார்களை அவரிடம் சொல்லிச் செய்விப்பார்கள். என் மகனும் அப்படித்தான் சொன்னான். என் மனிசன் மருதனார்மடச் சந்தியில் வாடகைக்கு ஓடிய கறுப்பு ஏ ஃபோர்ட்டி கார். மனிசன் போய்ப் பதினொரு வருடம். கார் அதற்கும் முந்திப் போய்விட்டது.

முதல் நாள் வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. கார் எங்கே நிற்கும் என்று கேட்டார். பின்னால் கார்க்கொட்டில் இருந்த இடத்தைக் காட்டினேன். கூரையும் இல்லை, மரமும் இல்லை, சீமெந்துத் தரை மட்டும் கிடக்கிறது. அதில் சில்லு ஓடிப் பள்ளம் விழுந்த இரண்டு கோடு இருக்கிறது. முழங்காலை ஊன்றி இருந்து அந்த இரண்டு கோட்டுக்கும் இடையில் அளவு நாடா பிடித்தார். எண்ணெய் ஒழுகிய கறை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். அவருக்கும் அப்போது எழுபது வயது. எழும்பும்போது என் தோளைப் பிடித்துத்தான் எழும்பினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அதை அவர் எல்லாரிடமும் கேட்பாராம்.

"கார் எண்டால் ஒரு நாள் வேணும், அக்கா. எந்த நாள் காரைச் செய்ய?"

எனக்கு விளங்கவில்லை. அவர் விளங்கப்படுத்தினார். "கார் புதிசாய் இருந்தது ஒரே ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் எங்கையோ அடிபட்டு, என்னத்தையோ மாத்தி, ஆரையோ ஏத்தித்தான் இருந்தது. நான் புதுக் கார் செய்யிறேல்லை. ஒரு நாளைச் சொல்லுங்கோ, அந்த நாள் அது எப்பிடி நிண்டதோ அப்பிடிச் செய்யிறன்."

மற்றவர்கள் கலியாண நாளைச் சொல்வார்களாம், மாலை கட்டின கார். பிள்ளைப்பேற்றுக்குப் போன நாளைச் சொன்னவரும் உண்டாம். நான் யோசிக்கவே இல்லை. இடம்பெயர்ந்த நாள் என்றேன். தொண்ணூற்றைந்தில் சண்டை வந்து சனமெல்லாம் தென்மராட்சிக்கு வெளிக்கிட்ட அந்த நாள். மேலே கூரைக் கரியரில் என் தங்கச்சியின் தையல் மெசின் இருக்கவேண்டும் என்றும் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "அந்த நாளோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொப்பியில் எழுதினார்.

ஏன் அந்த நாள் என்று இப்போது சொல்கிறேன். என் மனதில் அன்பு இருந்து அல்ல. சாட்சி வேண்டியிருந்தது.

பூமணி என் கூடப்பிறந்தவள். அப்போது பக்கத்து வளவில் தனியாக இருந்து சட்டை தைத்துச் சீவித்தாள். வெளிக்கிட்ட அன்று எங்கள் காரில்தான் அவளையும் ஏற்றினோம். நான் அடுக்களை வாசலில் ஒரு தகர றங்குப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, அதை ஏற்ற மறக்கவேண்டாம் என்று மனிசனிடம் இரண்டு தரம் சொன்னேன். அதில் எங்கள் படங்கள் இருந்தன. என் மூத்தவள் வதனி நாலு வயதில் காய்ச்சலில் போனவள். அவளுக்கு ஒரே ஒரு படம். காரின் இடப்பக்க மட்காட்டில், முன் சில்லுக்கு மேல், ஏறி இருக்கிறாள், கையில் பனங்கிழங்கு. அதுவும் பெட்டிக்குள்தான். மழை, சனம், மாடு, சைக்கிள். விடியும்போது நாவற்குழிப் பாலத்தடியில் நகர முடியாமல் நிற்கிறோம். அப்போது கேட்டேன், பெட்டி மேலேதானே என்று. மனிசன் முன் கண்ணாடியைப் பார்த்தபடி, "இடமில்லை. தங்கச்சியின்ரை மெசின் பிடிச்சிட்டுது," என்றார்.

ஆறு மாதத்தில் திரும்பி வந்தபோது வீட்டுக்கு ஓடும் இல்லை, கதவும் இல்லை. பெட்டியும் இல்லை. கொடிகாமத்தில் மாமரத்தின் கீழ் விட்டுவந்த காரும் பிறகு பழைய இரும்பாகப் போனது. பூமணி கொடிகாமத்திலேயே கலியாணம் கட்டி இருந்துவிட்டாள். முப்பது வருடம் நான் அவளோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அவளுடைய மெசின் ஏறியது, என் பிள்ளையின் முகம் ஏறவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொன்னேன். சின்னக் காரையும் அலுமாரிக்கு மேல் வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டிச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன்.

மரியநாயகம் மாதத்துக்கு இரண்டு முறை மோட்டார் சைக்கிளில் வருவார். என் மகன் வெளிநாட்டிலிருந்து சின்னச் சின்னப் பைகளாகச் சாமான் அனுப்பியிருந்தான். இப்படியான கார்களுக்கென்றே அங்கே தனியாக ரயர், சில்லு மூடி, விளக்குக் கண்ணாடி எல்லாம் செய்து விற்கிறார்களாம். எல்லாம் மினுங்கியது. அவர் அதை மேசையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். ரயரை மட்டும் எடுத்தார், அதையும் சீமெந்துத் தரையில் தேய்த்துத் தேய்த்து வழுக்கையாக்கினார். எங்கள் கார் அன்று அப்படித்தான் நின்றது. சில்லு மூடி, மாத்திரை வருகிற வெள்ளித் தகட்டில் சைக்கிள் பேரிங் குண்டு வைத்து அமுக்கியது. கதவுப் பிடி, தூண்டிலை நெருப்பில் காட்டி வளைத்தது. கரியரில் கட்டுகிற கயிறு, வலை நூல்.

"கொம்பனி விட்ட காரைச் செய்யிறது லேசு, அக்கா," என்பார். "உங்கடை மனிசன் மாத்தின காரைச் செய்யிறதுதான் கரைச்சல்."

அது உண்மைதான். அந்தக் காலத்தில் சாமான் எதுவும் வராது. வலப்பக்க முன்விளக்கு ஒரு உழவு மெசினில் கழற்றியது, மற்றதைவிட ஒரு விரல் பெரிது. பின்னால் சிவப்பு விளக்குக்குப் பதில் சைக்கிளின் சிவப்புக் கண்ணாடி. மண்ணெண்ணெயில் ஓடுகிற கார், இயக்குவதற்கு மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல் வேண்டும். அந்தப் பெற்றோல் போத்தல் எந்தப் பக்கம் தொங்கியது, என்ன மூடி போட்டிருந்தது என்று கேட்டார். இடப்பக்கம், மூடி இல்லை, சீலைத் துண்டு செருகியிருந்தது என்றேன். படம் ஒன்றும் இல்லாத காருக்கு என் ஞாபகம்தான் படம். அவர் ஒருபோதும் "வடிவாய்த் தெரியுமோ" என்று கேட்டதில்லை. நான் சொல்வேன், அவர் எழுதுவார், அடுத்த முறை அது அவருடைய கைக்குள் இருக்கும்.

சீற் உறை எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது, அதை மட்டும் எப்படிச் செய்தார் என்று நான் கேட்கவில்லை. சிவப்புக் கோடு போட்ட துணி, ஓரத்தில் வெள்ளை நாடா, நக நுனியளவு தையல். நான் பார்த்துவிட்டு உண்மைக் காரில் இருந்தது போலவே இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார். உண்மைக் காரின் உறையை யார் தைத்தது என்று முன்பு ஒரு நாள் கேட்டிருந்தார். யாரோ ஒரு தையல்காரி என்று சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் காரைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். கரியர் இன்னும் பூட்டவில்லை. "இடப்பக்க மட்காட்டைப் பாருங்கோ," என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கறுப்புப் பூச்சில் மூன்று சின்னக் கீறல். வதனியின் செருப்பு வளையம் பட்டு விழுந்த கீறல். அவள் போன பிறகு காருக்கு இரண்டு முறை பெயின்ற் அடித்தும் அந்த இடத்தை மனிசன் தொடவிடவில்லை. நான் அதை அவரிடம் ஒரே ஒரு தரம், வேறு எதையோ சொல்லும்போது இடையில் சொன்னேன். அவர் எழுதியதைக்கூட நான் காணவில்லை. அன்றைக்கு அவருக்கு நான் தேத்தண்ணி கொடுக்கவும் மறந்துபோனேன்.

கரைச்சல் மெசினில் தொடங்கியது. மெசினை அதன் மிதிக்கிற இரும்புக் காலோடு கரியரில் கவிழ்த்துக் கட்டியிருந்தது, அந்தக் கால் நாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது என்று சொன்னேன். அவர் பென்சிலை வைத்துவிட்டார். இரும்புக் கால் என்றால் பாரம் எவ்வளவு, அதோடு இரண்டு அரிசிச் சாக்கும் பாயும் சட்டிமூட்டையும் அந்தக் கரியர் தாங்காது, கூரை பதிந்திருக்கும் என்றார். பதியவில்லை என்றேன். அப்படியானால் கால் ஏறவில்லை என்றார். நான் கண்ணால் கண்டேன் என்றேன். அவர் கொப்பியை மூடிக்கொண்டு போனார். அடுத்த முறை வந்தபோது, கொடிகாமத்துக்குப் போய் அந்த மெசினை அளந்துகொண்டு வந்ததாகச் சொன்னார்.

என்னிடம் கேட்காமல் அவளுடைய வாசலுக்குப் போனது எனக்குப் பெரிய கோபம். இனி இந்த வாசற்படலைக்குள் வரவேண்டாம் என்றேன். நாலு மாதம் அவர் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. கோபத்தை வைத்திருப்பது எனக்குப் பழகிய வேலை. ஆனால் அந்த நாலு மாதமும் களைப்பாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். கதைக்க ஆள் இருந்து பழகிவிட்டது.

பிறகு ஒரு நாள் காலையில் படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. உள்ளே வராமல் நின்று, "வரலாமோ அக்கா, இல்லாட்டி காரை மதில்மேலை வைச்சிட்டுப் போகவோ?" என்று கேட்டார். சிரிப்பு வந்தது. வரச் சொன்னேன்.

மேசையில் காரை வைத்தார். கரியரோடு, சாமானோடு, கயிறோடு, முழுதாக. மெசினின் தலை மட்டும் சாக்கில் சுற்றி முன்பக்கம் படுத்திருந்தது. கால் இல்லை. நான் வாயைத் திறக்கமுன்னம் அவர் சொன்னார்.

"அந்த மெசின் தலை ஒண்டு, கால் வேறை. பலகையிலை பழைய ஓட்டையை மெழுகு வைச்சு அடைச்சுப் பக்கத்திலை புது ஓட்டை போட்டிருக்கு. கால் பிறகு கொடிகாமத்திலை வாங்கினது. நான் பாட்ஸ் மாத்திறவன், அக்கா. மாத்தின பாட்ஸ் எனக்குத் தெரியும்."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. திரும்பி வந்த வருடம் பஸ்ஸில் கொடிகாமத்தால் போகும்போது, ஒரு வீட்டு வாசலில் பூமணி குனிந்து மெசின் மிதிப்பதைக் கண்டேன். இரும்புக் காலை அங்கேதான் கண்டேன். எந்த நேரத்தில் அதைக் கொண்டுபோய்க் காரின் கூரையில் ஏற்றினேன் என்று தெரியவில்லை. நாற்பது சாமானைப் பிழையில்லாமல் சொன்ன ஞாபகம், இதில் இப்படிச் செய்துவிட்டது.

கரியரின் பின்பக்கம், இடது மூலையில் ஒரு வெறும் இடம் இருந்தது. அவர் சட்டைப் பையில் இருந்து ஒரு கடதாசிச் சுருளை எடுத்து விரித்தார். உள்ளே தீப்பெட்டியிலும் சின்னதாய் ஒரு றங்குப்பெட்டி. மீன் ரின் தகட்டில் செய்தது. மண்ணிறம், மூலையில் ஒரு நெளிவு. இரண்டரை அடிக்கு ஒன்றரை அடி என்று நான் எப்போதோ சொன்ன அளவில்.

"வைச்சுப் பாருங்கோ," என்றார்.

வைத்தேன். பெட்டி அந்த இடத்தில் இருந்தது. இடித்துப் பிடிக்கவில்லை, ஆடவும் இல்லை. அதற்கு மேலால் கயிறும் போனது.

கயிற்றை விரலால் இழுத்துப் பார்த்தேன். பிறகு, "இடமில்லை எண்டு ஏன் சொன்னவர்?" என்று கேட்டேன்.

"பயந்திருப்பார்."

"ஆமிக்கோ?"

"ஆமிக்குப் பயந்த ஆள் எண்டால் அண்டைக்கு அவ்வளவு சனத்துக்குள்ளை நிதானமாய்க் கார் ஓட்டியிருக்க மாட்டார், அக்கா," என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் காரைப் பார்த்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. மனிசன் பெட்டியை மறந்துவிட்டார். மறந்ததைச் சொல்ல என்னிடம் அவருக்கு வாய் வரவில்லை. முப்பது வருடம் ஒரு பக்கமாய் நின்ற ஒன்று மேசையில் மற்றப் பக்கம் திரும்பி நிற்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பெட்டியைத் தூக்கி அவருடைய பக்கம் தள்ளினேன்.

"அளவு பிழை," என்றேன்.

"எந்தப் பக்கம் பிழை, அக்கா?"

"எல்லாப் பக்கமும்."

அவர் கடதாசிச் சுருளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஓம். திரும்பப் பாக்கிறன்," என்றார். பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நான் விடவில்லை. மகனிடம் சொன்னேன், இவருக்கு அளவு தெரியாது, கண்மட்டத்தில் செய்கிறார் என்று. அவன் தன் சிநேகிதர்களுக்குச் சொன்னான். தகப்பன்மாரின் கார்களைச் செய்விக்கக் கேட்டிருந்த இரண்டு பேர் பிறகு கதைக்கவே இல்லையாம். மீன் கொண்டுவருகிற குருநகர்ப் பெண்ணிடம் சொன்னேன், அவள் அதை அங்கே கொண்டுபோனாள். கோயிலிலும் சொன்னேன். தரையில் முழங்காலில் இருந்து சில்லுக் கோட்டை அளந்த ஒருவரை அளவு தெரியாதவர் என்று சொன்னேன். ஒன்றரை மாதத்துக்கு மேல், ஏழு கிழமை, சொன்னேன். ஏழாவது கிழமைதான் றெஜினா அந்தச் செய்தியோடு தொலைபேசி எடுத்தாள்.

செத்த வீட்டுக்கு ஓட்டோவில் போனேன். சவப்பெட்டி கூடத்தில் இருந்தது, பின்னால் சுவர்த் தட்டில் அவர் செய்த கார்கள் வரிசையாக. அவருடைய கையில் செபமாலை. அந்த விரல்களில் றெசின் காய்ந்த மஞ்சள் போகவில்லை, கழுவியும் போகவில்லை என்று றெஜினா சொன்னாள். நான் சொல்லித் திரிந்தது அப்பாவின் காதுக்கு வந்ததோ என்று கேட்டேன். வந்தது என்றாள். "அப்பா ஒண்டும் சொல்லேல்லை, மாமி. 'அக்காவுக்குத் திரும்ப அளக்கவேணும்' எண்டு மட்டும் சொன்னவர்."

திரும்பினால், சுவரோரம் பிளாஸ்ரிக் கதிரையில் பூமணி. தலை முழுதும் நரைத்துவிட்டது. பக்கத்துக் கதிரை ஒன்றுதான் வெறுமையாக இருந்தது. அதில் போய் இருந்தேன்.

"நீ எங்கை இஞ்சை?" என்று கேட்டேன். முப்பது வருடத்துக்குப் பிறகு அவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அது.

"சீற் உறை தைச்சுக் குடுத்தனான்," என்றாள்.

அந்த வெள்ளை நாடா கண்ணுக்குள் வந்தது. உண்மைக் காரின் உறையையும் அவள்தானே தைத்தாள். பிறகு நான், "பெட்டி," என்றேன்.

அவளுக்கு எந்தப் பெட்டி என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. "அடுக்களை வாசலிலை இருந்தது. அத்தான் ஏத்துவார் எண்டு நினைச்சன். நீ கேட்டாப் பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. முகம் வெளிறிப்போச்சு. கீழை இறங்கி நிண்டபோது என்னட்டை வந்து, 'உன்ரை மெசினைச் சொல்லிப்போட்டன், பொறுத்துக்கொள்' எண்டவர்."

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ எப்ப கேட்டனி? குற்றம்தானே சொன்னனி." குரலை உயர்த்தவில்லை. "அத்தான்ரை செத்த வீட்டுக்கு வந்தனான். நீ முகத்தைத் திருப்பினனி. அதுக்குப் பிறகு, செத்த மனிசனிலை பழியைப் போட்டு உன்னோடை கதைக்க எனக்கு விருப்பமில்லை."

மரியநாயகம் அளக்கப் போனபோதே அவள் இதை அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் என்னிடம் அதில் ஒரு சொல் சொல்லவில்லை. ஒருவர் சொன்னதைக் கொண்டுவந்து மற்றவரிடம் வைக்கிற ஆள் இல்லை அவர். கரியரை மட்டும் கொண்டுவந்து வைத்தார்.

அவரை அடக்கம் செய்துவிட்டுச் சேமக்காலையிலிருந்து திரும்பும்போது நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஓட்டோவில் பஸ் நிலையம் வரைக்கும் வந்தோம். இரண்டு பேரும் களைத்துப்போயிருந்தோம். இறங்கும்போது அவள் என் சீலைத் தலைப்பு கதவில் மாட்டியிருந்ததை எடுத்துவிட்டாள். இப்போது எனக்குக் கோபம் மனிசனோடு. அவருடைய படத்துக்கு விளக்கு வைக்கும்போது அதைச் சொல்லத்தான் செய்கிறேன்.

எட்டு நாள் கழித்து றெஜினா ஒரு தீப்பெட்டியோடு வந்தாள். அப்பாவின் மேசையில் இருந்தது என்றாள். உள்ளே அந்த றங்குப்பெட்டி, இரண்டாவதாகச் செய்தது. மூடி இல்லை. மூடியை வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அவர் குனிந்தபடியே போய்விட்டார்.

முதற்பெட்டியை நான் சீனி ரின்னுக்குள் மறைத்து வைத்திருந்தேன். எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சுவரோடு அணைத்துப் பார்த்தேன். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். நீளத்திலும் அகலத்திலும் மயிரிழை வித்தியாசம் இல்லை. மூலையில் அந்த நெளிவும் அதே இடத்தில். அவர் திரும்ப அளந்திருக்கிறார். திரும்பவும் அதே அளவுதான் வந்திருக்கிறது. வந்த அளவில் செய்திருக்கிறார். கொஞ்சம் பெரிதாகச் செய்து, கரியரில் கொள்ளாமல் வைத்து, "ஓம் அக்கா, நீங்கள் சொன்னது சரி" என்று சொல்லியிருந்தால் நான் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பேன். என்னோடு வாழ்ந்த மனிசனே அதைத்தான் செய்தார். இவர் எனக்குப் பயந்து ஒரு நூல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மூடியுள்ள பெட்டியைப் பூமணிக்குக் கொடுத்தனுப்பினேன். மூடியில்லாததை நான் வைத்திருக்கிறேன். கார் அலுமாரிக்கு மேல் நிற்கிறது, இடப்பக்க மட்காட் சுவரைப் பாராமல் என்னைப் பார்த்தபடி. தூசி தட்டும்போது பெட்டியை எடுத்து மேசையில் வைப்பேன், தட்டிவிட்டுத் திரும்ப அதன் இடத்தில் வைப்பேன். பின்பக்கம், இடது மூலை. அவர் ஒட்டாமல் விட்டதால் எடுக்கலாம், வைக்கலாம். ஒவ்வொரு முறையும் அது போய் அந்த இடத்தில் சரியாக இருக்கிறது.

அளவு சரி, தம்பி. எல்லாப் பக்கமும் சரி.